குப்புறப் படுத்தவர் பேசிக்கொண்டே இருக்கட்டும்: நுண்துளை முதுகெலும்பு அறுவையில் அரைமயக்கம் தருவது எப்படி

ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துளை. அதன் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, பிதுங்கி நரம்பை நசுக்கும் டிஸ்க் துண்டை எடுத்துவிடுகிறார்கள். நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார். கேட்டால் பதில் சொல்கிறார். மயக்கவியல் பயிற்சியின் தொடக்கத்தில் உங்களை இந்த அறுவைக்கு அனுப்பும்போது, "சும்மா செடேஷன் கேஸ்தான், போய் உட்காருங்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். நம்பாதீர்கள். முழு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாயில் டியூப் இருக்கும், மூச்சு நம் கையில் இருக்கும். இங்கே மூச்சு நோயாளியுடையது, முகம் கீழே பார்த்திருக்கிறது, நமக்கும் அவருக்கும் நடுவில் டிரேப் (அறுவையிடத்தைச் சுற்றி மூடும் துணி) தொங்குகிறது. எனக்கு இது எளிய கேஸாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

மயக்கவியல் பயிற்சி மருத்துவர்கள், அனஸ்தீசியா டெக்னீஷியன்கள், தியேட்டர் செவிலியர்கள் மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கீழே வரும் அளவுகள் நடுத்தர உடல்நிலை உள்ள பெரியவர்களுக்கானவை. முதியவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் பாதியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் துறையின் நெறிமுறை வேறாகச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். முதல் சில கேஸ்களில் சீனியர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும்.

ஏன் தூங்கவைக்கக் கூடாது

இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். பக்கவாட்டிலிருந்து டிஸ்க்கை எட்டும் பாதையில் காம்பின் முக்கோணம் என்று ஓர் இடம் உண்டு. பர்விஸ் காம்பின் 1970களிலேயே தோல் வழியாக டிஸ்க்கை எட்டும் முறையில் இறங்கியவர். ஜப்பானில் ஹிஜிகாட்டா 1975இல் அதே வழியில் டிஸ்க்கை உறிஞ்சி எடுத்துக் காட்டினார். அந்த முக்கோணத்தின் சாய்ந்த பக்கம், வெளியேறும் நரம்பு வேர். அடிப்பக்கம், கீழ் முதுகெலும்பின் மேல்விளிம்பு. மூன்றாவது பக்கத்தில் மூட்டெலும்பும், அதற்கு உள்ளே கீழிறங்கும் நரம்பும் தண்டுவட உறையும். சர்ஜனின் கருவி இந்த மூன்றுக்கும் நடுவில்தான் போகவேண்டும். நரம்பின் ஓரத்துக்கும் கருவிக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. அந்த நேரத்தில் நரம்பு இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவர்தான். "ஐயோ, கரண்ட் அடித்த மாதிரி காலில் இழுக்கிறது" என்று அவர் சொன்ன அந்த நொடி சர்ஜன் கையை நிறுத்திவிடுவார். நாம் அவரை ஆழமாகத் தூங்கவைத்துவிட்டால் அந்த எச்சரிக்கை வராது. எல்4-5 மட்டத்தில், அதாவது இடுப்பின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு நடுவில், வேலை செய்தால் வெளியேறும் வேர் எல்4, கீழிறங்குவது எல்5. வெளியேறும் வேரின் நரம்பு முடிச்சு, அது முதுகெலும்பை விட்டு வெளிவரும் துவாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் அடிபட்டால் அறுவை முடிந்த பிறகு வாரக்கணக்கில் கால் எரியும்.

ஆகவே வலி என்று அவர் சொன்னால் முதலில் இடத்தைக் கேளுங்கள். முதுகில் வலி என்றால் பெரும்பாலும் எலும்பு உறையோ டிஸ்க்கின் வெளிவளையமோ. அது நம் வேலை, மருந்து கொடுக்கலாம். காலில் வலி என்றால் அது சர்ஜனுக்கான செய்தி, மருந்து கொடுத்து அமுக்கக் கூடாது. புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்: நோயாளி முனகியதும் கை ஃபென்டானில் என்ற வலிநீக்கியின் சிரிஞ்சுக்குப் போய்விடும். கை போகும் முன் வாய் திறக்கட்டும்: "ஐயா, எங்கே வலிக்கிறது? முதுகா, காலா?"

முந்தைய நாள் மாலை

வார்டில் நோயாளியைப் பார்க்கும்போது வழக்கமான பரிசோதனைகளோடு ஒரு சின்ன சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, இருபது முப்பது நிமிடம் அப்படியே இருக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். மூச்சு முட்டினால், தோள் வலித்தால், இருமல் வந்தால் இன்றைக்கே தெரிந்துவிடும். நாளை டிரேப் போட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

குறட்டை விடுபவர்களிடம், உறக்க மூச்சுத்தடை இருக்கக்கூடுமா என்று மதிப்பிடும் ஸ்டாப்-பேங் கேள்விகள் எட்டையும் கேட்டுவிடுங்கள். மிகுந்த உடல் பருமன், கடினமான மூச்சுவழி, படுத்தால் எதுக்களிக்கும் அமிலம், கட்டுப்படாத பயம், சொன்னதைப் புரிந்து பதில் சொல்ல இயலாத நிலை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அரைமயக்கம் சரிதானா என்று சீனியரிடமும் சர்ஜனிடமும் பேசுங்கள். முழு மயக்கமோ தண்டுவட மயக்கமோ தருவது தோல்வி ஆகாது. பின்பக்க இடைவெளி வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவைகளுக்குப் பலர் அப்படித்தான் தருகிறார்கள். நீண்டநாள் வலி மாத்திரைக்குப் பழகியவர்களுக்கு வழக்கமான அளவு போதாமல் போகும், அதையும் குறித்துவையுங்கள். நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களையும், இதயத்தில் மின்தடை உள்ளவர்களையும், பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களையும் தனியாகக் குறியுங்கள். காரணம், டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அரைமயக்க மருந்தைப் பற்றி மருந்துகள் பகுதியில் சொல்லும்போது வரும்.

பட்டினி விதி முழு மயக்கத்துக்கு உள்ளதுதான்: இலேசான உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம். எந்த நிமிடமும் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம் என்பதால் இதில் சலுகை கிடையாது.

அப்புறம் பேச்சு. பத்து நிமிடம் உட்கார்ந்து நாளை என்னென்ன உணர்வார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். "ஊசி குத்துவது தெரியும். எலும்பைத் துருவும்போது அழுத்தமும் சத்தமும் தெரியும். கொஞ்ச நேரம் முதுகில் வலிக்கும், அதற்கு மருந்து தருவேன். ஆனால் காலில் இழுத்தால் உடனே 'கால்' என்று சொல்லிவிடுங்கள். உடம்பை அசைக்காமல் வாயால் மட்டும் சொல்லுங்கள்." இதை அவர் வாயாலேயே ஒருமுறை திரும்பச் சொல்லவையுங்கள். இந்தப் பத்து நிமிடம் பதற்றம் தணிக்கும் மிடசோலத்தில் ஒரு மில்லிகிராமை மிச்சப்படுத்தும் என்பது என் அனுபவம். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர் அதைப் போட்டுக்கொண்டே தியேட்டருக்கு வரட்டும்.

நோயாளி உள்ளே வருவதற்கு முன்

முழு மயக்கத்துக்குச் செய்யும் எல்லா ஏற்பாடும் இதற்கும் வேண்டும். மெஷின் சரிபார்த்திருக்க வேண்டும், உறிஞ்சி ஓடவேண்டும், டியூபும் லாரிஞ்சியல் மாஸ்க்கும் (தொண்டையில் வைத்து மூச்சு கொடுக்கும் கருவி) அளவு பார்த்து எடுத்து வைத்திருக்க வேண்டும். இதோடு ஒன்று கூடுதல்: நோயாளி வந்த டிராலியைத் திருப்பி அனுப்பாதீர்கள். தியேட்டர் வாசலில் காலியாக நிற்கட்டும். அவசரத்தில் மல்லாத்திப் போடுவது அதன்மேல்தான்.

மானிட்டரில் ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு கேப்னோகிராஃப் கட்டாயம். ஆக்சிஜனும் கொடுத்து, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி அளக்கும் மூக்குக் குழாய் கிடைக்கும், அதையே போடுங்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் மூச்சை நிறுத்தினால் பல்ஸ் ஆக்சிமீட்டர் நிமிடக்கணக்கில் 98, 99 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கேப்னோகிராஃபின் அலையோ அடுத்த மூச்சிலேயே படுத்துவிடும். மூக்குக் குழாயில் எண் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அதனால் எண்ணைவிட அலையின் வடிவத்தையும் ஒழுங்கையும் பாருங்கள்.

ஈ.சி.ஜி. ஒட்டுகளைத் தோளின் பின்புறத்திலும் பக்கவாட்டிலும் ஒட்டுங்கள். இடுப்பில் ஒட்டினால் எக்ஸ்ரே படத்தில் வந்து நிற்கும். மருந்து ஏற்றும் கேனுலா நீங்கள் நிற்கும் பக்கத்துக் கையில் இருக்கட்டும், நீளமான இணைப்புக் குழாயோடு. ஈயக் கவசத்தை முதலிலேயே அணிந்துவிடுங்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி ஓடும்போது நோயாளியின் தலையை விட்டு ஓடவேண்டிய நிலை வரக்கூடாது.

படுக்கவைப்பது

மருந்து எதுவும் கொடுக்கும் முன் நோயாளி தானே மேசையில் ஏறி, தானே குப்புறப் படுக்கட்டும். இதன் அருமை அப்போதுதான் தெரியும்: எங்கே அழுத்துகிறது, எந்தத் தோள் வலிக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் வசதி என்று அவரே சொல்லிவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்க முடியாது.

வயிறு மேசையில் அமுங்காமல் தொங்கவேண்டும். வயிறு அழுந்தினால் பெருஞ்சிரையும் அழுந்தி, ரத்தம் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சிரைகளுக்குத் திரும்பும். சர்ஜனின் திரை சிவந்துபோகும், அறுவை நீளும், நம் மருந்தும் கூடும். மூச்சும் கஷ்டப்படும். கைகள் தலைப்பக்கம் மடங்கி, தோளிலிருந்து 90 டிகிரிக்குள் இருக்கட்டும். கண்ணில் எதுவும் படக்கூடாது. முகத்தடியில் மெத்தென்ற தலையணை, மூக்கும் வாயும் திறந்தபடி. டிரேப்பைத் தலைப்பக்கம் கூடாரம்போல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். முகம் தெரியவேண்டும். உள்ளே தேங்கும் ஆக்சிஜனில் மின்கத்திப் பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் காற்றும் ஓடவேண்டும். 2 முதல் 4 லிட்டர் ஆக்சிஜன் பெரும்பாலும் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள்: தியேட்டருக்குள் வரும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அறுவையின் நடுவே ஓர் அம்மா நெளிந்துகொண்டே இருந்தார். வலி என்று நினைத்து இரண்டு முறை மருந்து கொடுத்தேன். மூன்றாவது முறை குனிந்து கேட்டபோதுதான் சொன்னார், "சார், பாத்ரூம் போகணும்" என்று. அதற்குள் நான் கொடுத்த மருந்தில் அவர் மூச்சு நிமிடத்துக்கு எட்டாக இறங்கியிருந்தது.

மருந்துகள்

எந்த ஆழத்துக்குப் போகவேண்டும்? மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லும் ராம்சே அளவுகோலில் 2 அல்லது 3. அமைதியாக, ஒத்துழைப்போடு இருக்கிறார், அல்லது கண்மூடியிருந்தாலும் சொன்னதைச் செய்கிறார். பெயர் சொன்னதும் பதில் வரவேண்டும். தட்டினால்தான் விழிக்கிறார் என்றால் நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

என் முதல் தேர்வு டெக்ஸ்மெடிடோமிடின். இயல்பான தூக்கம்போல் கண்ணயரவைக்கும், கூப்பிட்டால் விழிப்பார்கள், மூச்சை அதிகம் அடக்காது, வலியையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் மெதுவாக ஏறும் மருந்து, மெதுவாகவே இறங்கும். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். தொடக்க அளவை அவசரமாகத் தள்ளினால் முதலில் அழுத்தம் எகிறி, பிறகு நாடி விழும்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 200 மைக்ரோகிராம் உள்ள 2 மி.லி. மருந்தை 48 மி.லி. சலைனில் கலந்தால் 50 மி.லி., ஒரு மி.லி.யில் 4 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ. தொடக்க அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் 30 மைக்ரோகிராம், அதாவது 7.5 மி.லி. அதை 10 நிமிடத்தில் ஏற்ற பம்ப் வேகம் மணிக்கு 45 மி.லி. பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.4 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 6 மி.லி. பொதுவாக 0.2 முதல் 0.7 வரை, அதாவது இவருக்கு 3 முதல் 10.5 மி.லி. வரை ஏற்றி இறக்கலாம். 45இல் வைத்த பம்பைப் பத்தாவது நிமிடத்தில் 6க்கு இறக்க மறந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் ஆபத்தான தவறு. போகவேண்டிய அளவு 7.5 மி.லி. என்று பம்பிலேயே வரம்பு போட்டுவிடுங்கள், அது தானாக நின்று கத்தும். ஆம்பூல்கள் வெவ்வேறு அளவில் வரும், லேபிளைப் படிக்காமல் கலக்காதீர்கள். நோயாளி படுத்து முடித்ததும், சர்ஜன் கைகழுவப் போகும்போது தொடங்கினால், தோலில் ஊசி இறங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

இதோடு பாரசிட்டமால் 1 கிராம் சிரைவழியாக. பதற்றம் தெரிந்தால் மிடசோலம் 1 மி.கி. கொடுத்துவிட்டு முழுதாக ஐந்து நிமிடம் காத்திருங்கள். இரண்டாவது மி.கி. தேவைப்படுவது அரிது. வயதானவர்களுக்கு நான் மிடசோலத்தைத் தவிர்ப்பேன். சிலர் அமைதியாவதற்குப் பதில் குழம்பிப்போய் எழுந்திருக்கப் பார்ப்பார்கள். ஃபென்டானில் 25 மைக்ரோகிராம் வீதம், வலிக்கும் கட்டத்துக்கு மூன்று நான்கு நிமிடம் முன்பாக. மிடசோலமும் ஃபென்டானிலும் தனித்தனியே சாது, சேர்ந்தால் மூச்சை நிறுத்தக்கூடியவை. இரண்டையும் ஒரே கையில் எடுத்து அடுத்தடுத்துத் தள்ளாதீர்கள்.

புரோப்போஃபால் பலர் பயன்படுத்துகிறார்கள். புதியவர்கள் இந்தப் படுக்கை நிலையில் அதைத் தனியாகக் கையாள வேண்டாம் என்பது என் கருத்து. விழித்திருப்பதற்கும் மூச்சுவழி அடைவதற்கும் இடையே உள்ள தூரம் அதில் குறைவு, முறிவு மருந்தும் கிடையாது. ரெமிஃபென்டானிலும் அப்படித்தான், கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டாமல், அனுபவமுள்ளவர் கையில். கெட்டமின் கிலோவுக்கு 0.2 மி.கி. என்ற சிறு அளவில் கடும் வலியுள்ள ஓரிரு நிமிடங்களைக் கடத்த உதவும்.

உண்மையில் வலியைத் தாங்குவது நம் மருந்தைவிட சர்ஜன் போடும் மரத்துப்போகும் ஊசிதான். அதையும் நாம்தான் கணக்கு வைக்கவேண்டும். லிக்னோகெய்ன் தனியாக என்றால் கிலோவுக்கு 4.5 மி.கி., அதிகபட்சம் 300 மி.கி. 60 கிலோ நோயாளிக்கு 270 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசலில் 27 மி.லி. 2 சதவீதம் என்றால் அதில் பாதிதான். தோலுக்கு, தசைக்கு, மூட்டுக்கு, துவாரத்துக்கு என்று பிரித்துப் போடும்போது 27 மி.லி. சட்டென்று வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு போனது என்று ஸ்க்ரப் செவிலியர் உரக்கச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக் கூட்டுங்கள். நரம்புத் துவாரத்தின் அருகில் அடர்த்தி குறைந்த மருந்தைப் போடச் சொல்லுங்கள். வலி குறைந்தாலும் கால் விரலை அசைக்கும் வலு மிச்சமிருக்கவேண்டும்.

அறுவையோடு கூடவே நடப்பது

அரைமயக்கத்தை ஒரே மட்டத்தில் ஓடவிடக் கூடாது. அறுவை ஏறும் இடத்தில் ஏற்றி, இறங்கும் இடத்தில் இறக்கவேண்டும். அதற்கு நீங்கள் எக்ஸ்ரே திரையையும் எண்டோஸ்கோப் திரையையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஊசி துவாரத்தை நோக்கிப் போகும் கட்டம் பெரும்பாலும் அமைதி. அடுத்து விரிப்பான்கள், அப்புறம் மூட்டெலும்பின் ஓரத்தைத் துருவும் ரீமர். இதுவும், டிஸ்க்கின் வெளிவளையத்தைத் துளைக்கும் நிமிடமும்தான் மிகவும் வலிப்பவை. சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "ரீமர் எடுப்பதற்கு மூன்று நிமிடம் முன் சொல்லுங்கள்." அந்த நேரத்தில் ஃபென்டானில் 25, தேவையானால் டெக்ஸ்மெடிடோமிடின் வேகத்தில் சிறு உயர்வு. துருவத் தொடங்கும் முன் நோயாளியின் காதருகே குனிந்து, "அம்மா, இப்போது சத்தம் வரும், அழுத்தம் தெரியும், ஒரு நிமிடம்தான்" என்று சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடிப்பது ஆறுதலுக்கு மட்டும் இல்லை: அந்தப் பிடி இறுகுவதையும் தளர்வதையும் வைத்து ஆழத்தைக் கணிக்க முடியும்.

எண்டோஸ்கோப் உள்ளே இறங்கியதும் வலி தணியும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். வலித்தபோது கொடுத்த மருந்து இப்போது உச்சத்துக்கு வருகிறது, தூண்டலோ நின்றுவிட்டது. நோயாளி அமிழ்ந்துபோவார். அதே நேரத்தில்தான் சர்ஜன் நரம்பை ஒட்டி வேலை செய்யப்போகிறார். ஆகவே ரீமர் வெளியே வந்ததுமே வேகத்தைக் குறையுங்கள். துண்டை எடுக்கத் தொடங்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இரண்டு கால் கட்டைவிரலையும் மேலே இழுங்கள்" என்று செய்யவைத்துப் பாருங்கள். அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. பதில் தாமதமானால் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, எல்லோருக்கும் சொல்லித் தரப்படாதது. எண்டோஸ்கோப் வழியாகச் சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். அது வெளியேறும் வழி அடைபட்டாலோ பம்ப் அழுத்தம் கூடினாலோ தண்டுவடத்தைச் சுற்றி அழுத்தம் ஏறும். அதன் முதல் அறிகுறி, இடுப்பில் அறுவை நடக்கும்போது நோயாளி "கழுத்து வலிக்கிறது" என்று சொல்வது. தலையணை சரியில்லை என்று நினைத்து நகர்த்திவிட்டு விட்டுவிடாதீர்கள். சர்ஜனிடம் உடனே சொல்லி, சலைன் அழுத்தத்தைக் குறைத்து, வெளியேறும் வழியைத் திறக்கச் செய்யுங்கள். தலைவலி, ரத்த அழுத்த உயர்வு, அதையும் தாண்டினால் வலிப்பு வரை போகும். வலி நீடித்தால் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள். ஆழமாகத் தூங்குபவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே மாட்டார்.

நோயாளி நெளிந்தால், மூச்சு குறைந்தால்

நெளிகிறார், கையை இழுக்கிறார், பேச்சு குழறுகிறது. மயக்கம் போதவில்லை என்ற எண்ணம்தான் முதலில் வரும், கடைசியாக வரவேண்டிய எண்ணமும் அதுதான். முதலில் கேப்னோகிராஃப் அலை, ஆக்சிஜன் அளவு. ஆக்சிஜன் குறைந்தவரும், கார்பன் டை ஆக்சைடு ஏறியவரும் இப்படித்தான் நெளிவார்கள். அடுத்து வலி எங்கே என்று கேளுங்கள். தோள், முழங்கால், மார்பு, சிறுநீர்ப்பை. உதடு மரத்துப்போகிறதா, நாக்கில் உலோகச் சுவையா, காதில் இரைச்சலா என்று கேளுங்கள். அது லிக்னோகெய்ன் ரத்தத்தில் கூடியதன் அடையாளம். இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கூடுதல் மருந்து.

மூச்சு குறைந்தால் மருந்து ஓடுவதை நிறுத்துங்கள், உரக்கக் கூப்பிட்டு மூச்சை இழுக்கச் சொல்லுங்கள், சர்ஜனிடம் "நிறுத்துங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தலை பக்கவாட்டில் இருக்கும்போதே தாடையை முன்னால் தள்ள முடியும். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். மூக்குவழிக் குழாய் போடலாம், ஆக்சிஜனைக் கூட்டலாம். ஃபென்டானில் காரணம் என்றால் 0.4 மி.கி. நலாக்சோனை 10 மி.லி. ஆக்கி, ஒரு மி.லி. வீதம், அதாவது 40 மைக்ரோகிராமாகக் கொடுங்கள். மொத்தமாகத் தள்ளினால் வலியோடு திமிறி எழுந்துவிடுவார், உள்ளே கருவி இருக்கிறது. மிடசோலம் என்றால் ஃப்ளூமாஸெனில் 0.2 மி.கி. இரண்டுமே சீக்கிரம் வடிந்துவிடும், மயக்கம் திரும்ப வரும், அதனால் கண்காணிப்பு நீளவேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் குப்புறப் படுத்த நிலையிலேயே லாரிஞ்சியல் மாஸ்க் போடலாம். இல்லையேல் கருவியை எடுத்து, காயத்தைச் சுத்தமான துணியால் மூடி, டிராலியை ஒட்டி நிறுத்தி மல்லாத்துங்கள். யார் தலை, யார் இடுப்பு, யார் கால் என்பதை அறுவை தொடங்கும் முன்பே பேசி வைத்திருந்தால் இது அரை நிமிட வேலை.

நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்கி அழுத்தமும் விழுந்தால் டெக்ஸ்மெடிடோமிடினை நிறுத்தி அட்ரோபின் 0.6 மி.கி. நாடி குறைந்தும் அழுத்தம் நன்றாக இருந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

லிக்னோகெய்ன் நஞ்சாகி வலிப்போ இதயத் தாள மாற்றமோ வந்தால் உதவிக்குக் கூப்பிட்டு, மல்லாத்தி, ஆக்சிஜன் கொடுத்து, வலிப்பை மிடசோலத்தால் அடக்கி, 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைத் தொடங்குங்கள். கிலோவுக்கு 1.5 மி.லி. இரண்டு மூன்று நிமிடத்தில், பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மி.லி. 60 கிலோவுக்கு முதலில் 90 மி.லி., பிறகு நிமிடத்துக்கு 15 மி.லி. அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். ஊசி தண்டுவட உறைக்குள் போய் மருந்து தண்டுவட நீரில் கலந்தால் இரண்டு கால்களும் சட்டென்று கனத்து, அழுத்தம் விழும். மரப்பு மேலே ஏறினால் மூச்சும் பலவீனமாகும். இதற்கும் மல்லாத்துவதும் மூச்சைக் காப்பதும்தான் வழி.

சிமென்ட் போடும் கேஸ்கள்

எலும்பு தேய்ந்து நொறுங்கிய முதுகெலும்பில் சிமென்ட் செலுத்தும் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி 1984இல் பிரான்சில் கலிபேரும் தெராமோனும் தொடங்கியது. நோயாளிகள் பெரும்பாலும் எழுபது எண்பது வயதைத் தாண்டியவர்கள், அதனால் மருந்து பாதிதான். எலும்புக்குள் ஊசி தட்டி இறங்கும்போதும், பலூன் வைத்துச் செய்யும் முறையில் (கைஃபோபிளாஸ்டி) அது விரியும்போதும் வலிக்கும். சிமென்ட் செலுத்தும் நேரத்தில் கண்ணை மானிட்டரிலிருந்து எடுக்காதீர்கள். திடீர் இருமல், மார்பு வலி, ஆக்சிஜன் குறைவு, அழுத்தம் விழுவது ஆகியவை சிமென்ட்டோ கொழுப்போ நுரையீரலுக்குப் போனதைச் சொல்லலாம். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். புதிதாகக் காலில் வலி என்றாலும் அப்படியே.

முடிந்த பிறகு

தையல் போடும்போது பம்பை நிறுத்திவிடுங்கள். மருந்து வடிய நேரம் எடுக்கும். மல்லாத்தும்போது அழுத்தம் விழக்கூடும், மெதுவாகத் திருப்புங்கள். மீட்பறைக்குப் போகும் முன் சர்ஜனோடு சேர்ந்து கட்டைவிரலை மேலே இழுப்பது, பாதத்தைக் கீழே அழுத்துவது, தொட்டால் தெரிகிறதா என மூன்றையும் பார்த்து எழுதுங்கள். மரத்துப்போகும் மருந்தால் கால் சில மணி நேரம் தளர்வாக இருக்கலாம், அதை நோயாளியிடமும் உறவினரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். நேரம் போகப்போக வலு கூடாமல் குறைந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ சர்ஜனைக் கூப்பிடுவது உடனடி வேலை.

மீட்பறையில், மயக்கத்திலிருந்து எவ்வளவு மீண்டார் என்று அளக்கும் ஆல்ட்ரெட் மதிப்பெண் பத்துக்கு 9 வரும்வரை வைத்திருங்கள். முதல் முறை எழுந்து நிற்கும்போது இரண்டு பேர் தாங்கட்டும். டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றும். அன்றே வீட்டுக்குப் போகிறவர் துணையோடுதான் போகவேண்டும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

போகும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எது நினைவிருக்கிறது, எது தாங்க முடியாமல் இருந்தது?" சொன்னதை அப்படியே மயக்கத்தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள், ரீமர் எந்த நிமிடத்தில் இறங்கியது, ஃபென்டானில் எந்த நிமிடத்தில் போனது என்பதையும் அதன் பக்கத்திலேயே. பத்து கேஸ் சேர்ந்ததும் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் எப்போதும் இரண்டு நிமிடம் பிந்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும்.